கத்திரி வெயிலில் டின்னர் ரோல்: எங்கள் குழு உறுப்பினர்களின் வீட்டு அனுபவங்கள்

மயிலாடுதுறை உறுப்பினர்:

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மே மாதப் பிற்பகலில், குளிர்நாட்டுக்காரர் ஒருவரின் செய்முறையை வரி பிசகாமல் பின்பற்றி, முதன்முதலாக டின்னர் ரோலுக்கு, அதாவது பன் போன்ற சிறிய மென்மையான ரொட்டிக்கு, மாவு பிசைந்தேன். பாலை வெதுவெதுப்பாக்கி அதில் ஈஸ்டைக் கரைக்க வேண்டும் என்றும், பிசைந்த மாவைக் கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் மூடிவைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. எங்கள் சமையலறையில் அன்று வெப்பம் 35 டிகிரி. அதைக் கணக்கில் கொள்ளாமல், அடுப்பு மேடையிலேயே பாத்திரத்தை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. மாமியார் மூக்கைச் சுளித்து, “என்னம்மா இது, கள்ளுக்கடை வாசனை வருது?” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சாராயத்தையும் உண்டாக்குகிறது; வெப்பம் கூடினால் அந்த வேலை இன்னும் வேகமாக நடந்துவிடுகிறது. அன்று சுட்ட ரோல்கள் அடுப்புக்குள் போனதும் அமுங்கிவிட்டன. சர்க்கரையில் பெரும்பகுதி ஈஸ்டுக்கே போய்விட்டதால் மேல்புறமும் சிவக்கவில்லை. அடுத்த முறை வேறு தவறு செய்தேன். மாவு கையில் ஒட்டுகிறதே என்று சப்பாத்தி மாவைப் போலக் கெட்டியாகும்வரை கை கையாக மைதாவைச் சேர்த்தேன். கிடைத்தது ரோல் அன்று, டீக்கடைக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் பொறை. நாலு நாள் காப்பியில் தோய்த்துத்தான் தின்று தீர்த்தோம்.

இப்போது நான் கையாளும் அளவைச் சொல்கிறேன். மைதா 500 கிராம், பால் 325 மில்லி, சர்க்கரை 45 கிராம், உப்பு 9 கிராம், வெண்ணெய் 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். சித்திரை, வைகாசியில் ஈஸ்ட் 3 கிராமே போதும். எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை என்பதால் மென்மைக்கு வேறு வழி வேண்டியிருந்தது. இந்த மைதாவிலிருந்து 25 கிராமையும் பாலிலிருந்து 125 மில்லியையும் எடுத்து, சிறு தீயில் கஞ்சி போலக் கிளறி ஆறவைத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 65 டிகிரியில் மாவுச்சத்து வெந்து, நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரம் சுட்ட பிறகும் ரோலுக்குள் தங்குவதால் மறுநாளும் அது பஞ்சு போல் இருக்கிறது. கரண்டி போன தடம் கஞ்சியில் மறையாமல் நின்றால் இறக்கிவிடலாம்.

பால் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு ரொட்டி சுடுபவர்களிடம் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பிசைந்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்றால், 26ஐ மூன்றால் பெருக்கி, வரும் 78இலிருந்து அறையின் வெப்பத்தையும் மைதாவின் வெப்பத்தையும் கழிக்க வேண்டும். இரண்டும் 34 என்றால் மிஞ்சுவது 10. அதாவது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் ஆன பால். வெதுவெதுப்பான பால் என்ற பேச்சுக்கே இங்கே மார்கழி, தை தவிர வேலையில்லை.

வெண்ணெய் நீங்கலாக எல்லாவற்றையும் கலந்து, பிசையாமலே இருபது நிமிடம் மூடிவைப்பேன். மைதாவிலுள்ள புரதம் அந்த நேரத்தில் தானாகவே நீரை உறிஞ்சிப் பின்னிக்கொள்ளத் தொடங்கிவிடும். பிறகு வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மேடையில் அடித்து மடித்துப் பிசைந்தால், முதலில் சேறு போலக் கையை விடாத மாவு, ஒரு கட்டத்தில் சட்டென்று மேடையை விட்டுவிட்டு வழுவழுப்பாகத் திரண்டு வரும். அந்த மாற்றம் வரும்வரை கூடுதல் மைதாவைத் தொடவே கூடாது. எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி விரல்களால் விரித்தால், கிழியாமல், பரோட்டா மாஸ்டர் வீசிய மாவைப் போல மறுபுறம் வெளிச்சம் தெரிய வேண்டும்.

பிசைந்த மாவை மூடிப் பொங்கவிடும்போது நேரத்தைப் பார்ப்பதை நான் நிறுத்தியது மாமியாரால்தான். மூன்றாம் முறை நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் மூடியைத் திறந்து, இட்லி மாவைப் பார்ப்பதைப் போலவே ஓரத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்து, ஒரு விரலால் அழுத்தி, “இது பொங்கிடுச்சு, இன்னும் விட்டா விழுந்துடும்” என்றார். அப்போது ஐம்பது நிமிடமே ஆகியிருந்தது. விரல் பதிந்த குழி மெதுவாகப் பாதி மட்டும் மேலே வந்து நின்றதை அன்றுதான் கவனித்தேன். ஈஸ்டைத் தொட்டே அறியாதவர் அவர். ஐம்பது ஆண்டுகள் உளுந்தையும் அரிசியையும் புளிக்கவைத்த கை அது.

அதன் பிறகு 60 கிராம் வீதம் பதினைந்து உருண்டைகள். மேடையில் மாவு தூவாமல், உள்ளங்கையைக் குவித்து இழுத்து உருட்டினால் மேல்தோல் இறுகும். நெருக்கமாக அடுக்கி, ஒன்றையொன்று தொடும்வரை மீண்டும் பொங்கவிட்டு, மேலே பால் தடவி, முன்பே சூடாக்கிய ஓடிஜி என்னும் மின்சார அடுப்பில் 180 டிகிரியில் இருபது நிமிடம். வெளியே எடுத்தவுடன் வெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியால் மூடிவிட வேண்டும். உள்ளே தங்கும் ஆவிதான் மேல்தோலை மென்மையாக்குகிறது.

நாகப்பட்டினம் உறுப்பினர்:

எங்கள் வீட்டு ரோலைக் கெடுக்கப் பார்த்ததும் காப்பாற்றியதும் மின்வெட்டுதான். உருட்டி அடுக்கிய நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. எப்போது வரும் என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. பொங்கிக்கொண்டிருந்த ரோல்களை அப்படியே வீணாக்க மனமில்லாமல், தட்டோடு மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, கதவைத் திறக்கவே கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டேன். இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சுட முடிந்தது. சுவை முன்பு சுட்டவற்றைவிட நன்றாக இருந்தது. குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதால் மணம் கூடுகிறது என்று பின்னர் தெரிந்துகொண்டு, இப்போது வேண்டுமென்றே முதல் நாள் இரவே பிசைந்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

கடலோரக்காரர்களுக்கு மட்டும் ஒன்று: ஐப்பசி அடைமழையில் பிரித்த ஈஸ்ட் பொட்டலத்தைக் கிளிப் போட்டு அலமாரியில் வைத்தால் ஈரம் ஏறிச் செத்துவிடும். காற்றுப் புகாத சிறு புட்டியில் உறைபெட்டியில் வைக்கவும். சந்தேகம் இருந்தால், சர்க்கரை கரைத்த இளஞ்சூட்டு நீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்; நுரைக்கவில்லையென்றால் மைதாவையாவது மிச்சப்படுத்தலாம்.

மன்னார்குடி உறுப்பினர்:

வெண்ணெயைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. வெண்ணெய்த்தாழி உற்சவம் நடக்கும் ஊர்க்காரியாக நான் அதைச் சும்மா விட முடியாது. கடை வெண்ணெயில் கொழுப்பு 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நாம் கடைந்தெடுக்கும் வெண்ணெயில் மோரும் நீரும் கடை வெண்ணெயைவிடக் கூடுதலாகத் தங்கியிருக்கும். இதை அறியாமல் அதே அளவு போட்டதில், மாவு எவ்வளவு பிசைந்தும் திரளவே இல்லை. இப்போது குளிர்ந்த நீரில் மூன்று முறை அலசிப் பிழிந்து, பாலிலும் இரண்டு தேக்கரண்டி குறைத்துக்கொள்கிறேன். உப்பு சேர்த்த கடை வெண்ணெய் என்றால் மாவில் உப்பைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

மீந்த ரோல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாது என்று என் நாத்தனார் வைத்துவிட்டு, மறுநாள் கல்லாகிவிட்டதென்று என்னையே குறை சொன்னார். அந்தக் குளிரில்தான் வெந்த மாவுச்சத்து மிக விரைவாக இறுகுகிறது. அன்று தின்பதை டப்பாவிலும், மிச்சத்தை உறைபெட்டியிலும் வைக்கச் சொன்னேன். எடுத்ததும் இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டினால், அவர் அதைப் புதிதாகச் சுட்டது என்றே நினைத்துச் சாப்பிடுகிறார்.