பொட்டலத்தில் சர்க்கரையா, கீரையா? டர்பனில் ஒரு சங்கத்துக்கு வந்த கேள்வி

வெருலம் தம்பி:
எங்கள் ஊர்ச் சங்கம் மாதத்துக்கு ஒரு தடவை கஷ்டப்படும் வீடுகளுக்கு உணவுப் பொட்டலம் கொடுக்கிறது. வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை, எண்ணெய், தேயிலை, ஒரு டின் மீன். வருகிற கூட்டத்தில் நான் சொல்லப்போவது இதுதான்: மைதாவையும் சர்க்கரையையும் நிறுத்துவோம். அந்தப் பணத்தில் பருப்பு, காய்ந்த பீன்ஸ், டோங்காட் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் கீரை, காய் வாங்கிக் கொடுப்போம்.

இந்தத் தென்னாப்பிரிக்காவில் 2016இல் சாவுக்கான காரணங்களில் காசநோய்க்கு அடுத்த இடம் நீரிழிவுக்கு. நம் தெருவில் இன்சுலின் ஊசி இல்லாத வீடு எத்தனை? இனிப்புப் பானங்களைக் குறைக்க அரசே 2018இல் தனி வரி போட்டது. நாமோ சர்க்கரை நோயாளி வீட்டு வாசலில் சர்க்கரையை இறக்கிவிட்டு வருகிறோம்.

சாட்ஸ்வர்த் அக்கா:
தம்பி, அந்தப் பொட்டலங்களைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் சொல்லும் வீடுகளில் பாதிக்கு மேல் ஃபிரிஜ் கிடையாது, இருந்தாலும் ஓடாது. கீரை மறுநாளே அழுகிவிடும். காய்ந்த பீன்ஸ் வேக இரண்டு மணி நேரம் அடுப்பு எரியவேண்டும். மின்சாரத்துக்கு முன்பணம் கட்டும் மீட்டர், அதிலும் 15 சதவீதம் வாட் வரி. வேலையில்லாதவருக்கு அரசு தரும் உதவித்தொகை 2024இல்தான் 350இலிருந்து 370 ரேண்ட் ஆனது. அந்த 370இல் பீன்ஸ் வேகவைக்க மின்சாரம் வாங்கச் சொல்கிறீர்களா?

காலையில் ரொட்டியும் சர்க்கரை போட்ட டீயும் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அந்தச் சர்க்கரையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

கணக்கு எழுதுபவர்:
அக்கா சொல்லும் மின்சாரச் செலவு உண்மை. ஆனால் எல்லாப் பருப்பும் பீன்ஸ் மாதிரி இல்லை. மைசூர்ப் பருப்பு இருபது நிமிடத்தில் கரைந்துவிடும், ஊறவைக்கக்கூடத் தேவையில்லை. அப்புறம் வரிக் கணக்கையும் பாருங்கள். சர்க்கரைக்கு வாட் உண்டு. பருப்பு, காய்ந்த பீன்ஸ், முட்டை, பால், காய், பழம், அரிசி, பிரவுன் ரொட்டி, டின் மத்தி மீன் எதற்கும் வாட் கிடையாது. ஏழைக்கு எட்டவேண்டும் என்றுதான் அந்தப் பட்டியலே இருக்கிறது. நாம் சங்கப் பணத்தில் வரி கட்டி சர்க்கரை வாங்குகிறோம்.

ஆனால் வரி இல்லை என்பதால் காய் மலிவாகிவிடாது. கிளேர்வுட் மொத்தச் சந்தையிலிருந்து குடிசைப் பகுதியின் சின்னக் கடைக்கு ஒரு தக்காளி போய்ச் சேருவதற்குள் எத்தனை கை மாறுகிறது! அங்கே அதை ஒன்று ஒன்றாக விற்கிறார்கள். பெட்டியாக வாங்குபவரைவிட அந்த ஒற்றைத் தக்காளி வாங்கும் ஏழைதான் அதிக விலை கொடுக்கிறார். சங்கம் டர்பனின் வாரிக் காலைச் சந்தையில் நேராக வாங்கினால் அந்த வித்தியாசம் மிஞ்சும். 1910இலிருந்து இருக்கும் சந்தை அது. 2009இல் நகராட்சி அதை எடுத்துவிட்டு மால் கட்டப் பார்த்தது. வியாபாரிகள் போராடி நிறுத்தினார்கள். அந்தச் சந்தை போயிருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவன்:
நான் இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்வேன். அரிசியையும் எடுங்கள். இந்த நாட்டில் அரிசி கிட்டத்தட்ட விளைவதே இல்லை, தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, 2024 செப்டம்பரில்தான் விலக்கியது. அங்கே மழை பொய்த்தால் இங்கே தட்டு காலி. மக்காச்சோள மாவு இந்த மண்ணில் விளைவது. அதைக் கொடுப்போம்.

சாட்ஸ்வர்த் அக்கா:
இந்த மண்ணில் விளைவது என்பதால் மக்காச்சோளம் பத்திரம் என்று நினைக்காதீர்கள். பசிபிக் கடல் சூடாவதால் வரும் எல் நினோ, அந்த 2023-24 வறட்சியில் இங்கே மக்காச்சோள விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. விலை ஏறியபோது முதலில் அடிபட்டது அதையே நம்பி வாழும் வீடுகள்தான்.

இன்னொன்று. நம் வீட்டில் அரிசிச் சோறு, இல்லாதவர் வீட்டுக்கு மட்டும் மாவு என்றால் அதில் என்ன நியாயம்? அவர்கள் கேட்டால் கொடுப்போம். நாமாக முடிவு செய்யக்கூடாது.

டோங்காட் தோட்டக்காரர்:
எல்லோரும் வாங்குகிற பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். விளைவிக்கிறவன் ஒருவனும் பேசட்டும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் என் மேல்மண் போயிற்று, பம்பும் போயிற்று. ஊரின் குடிநீர் ஆலை உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், முன்பு 40 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியது இப்போது 20 வருடத்துக்கு ஒருமுறை வரலாம் என்றார்கள். பூமி சூடானதுதான் காரணம். 2024 ஜூனில் எங்கள் ஊரை டொர்னேடோ சுழல்காற்று வேறு தாக்கியது.

என் கீரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய கடை வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வாரம் சரக்கு வரவில்லை என்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. நஷ்டம் முழுக்க என் தலையில். சங்கமும் அதே மாதிரி, இன்ன கீரை, இவ்வளவு கட்டு, இந்த விலை என்று கேட்டால் எனக்கு வேண்டாம். அந்த மாதம் நிலம் எதைக் கொடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் சேம்பு தாங்கும். வறட்சியில் தட்டைப்பயறு தாங்கும், அதன் இலையும் கீரைதான். பூசணி ஃபிரிஜ் இல்லாமலே வாரக்கணக்கில் கிடக்கும். அக்கா கேட்ட கேள்விக்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

பழைய கேட்டோ மேனர்க்காரர்:
தோட்டக்காரர் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1860இல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த நம் ஆட்கள் ஒப்பந்தம் முடிந்ததும் குத்தகைக்கு எடுத்தது ஆற்றோரத் தாழ்வான நிலங்களை. கையிலிருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டக் குடும்பங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஆறு இந்திய மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். ஆபத்தான நிலம் ஏழைக்குத்தான் என்பது இன்றும் மாறவில்லை, 2022இல் ஆற்றோரக் குடிசைகளைப் பார்த்தோமே.

அப்படிப்பட்ட நிலத்திலும் நகரத்துக்கே காய் கொடுத்தார்கள். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களைக் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பியது. தோட்டம் போனது, காய் தூரமானது. இன்றைய விலையில் அந்தத் தூரமும் இருக்கிறது. எனவே பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சங்கப் பணம் போவதைத் தானம் என்று நான் நினைக்கமாட்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவன்:
தாத்தா சொல்வது சரி. ஆனால் இதெல்லாம் சங்கம் சுமக்கவேண்டிய பாரமா? அரசியல் சட்டம் 27ஆம் பிரிவு போதிய உணவு பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. 28ஆம் பிரிவில் பிள்ளைகளின் சத்துணவு தனியாக இருக்கிறது. கவுன்சிலரிடம் கேட்காமல் நாமே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

சாட்ஸ்வர்த் அக்கா:
கேளுங்கள், நானும் வருகிறேன். ஆனால் பொட்டலத்தை நிறுத்திவிட்டு அல்ல.

தோட்டக்காரர் அண்ணா சொன்ன பூசணி, சேம்பு, கணக்கு எழுதுபவர் சொன்ன மைசூர்ப் பருப்பு, இவற்றுக்கு நான் கை தூக்குவேன். மைதாவை நிறுத்துவதற்கும் சரி. சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தும் தீர்மானத்துக்கு மட்டும் தூக்கமாட்டேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதற்குப் பதிலாகப் பால்மாவும் முட்டையும் போகும் என்று எழுதிக் கொடுத்தால் அதையும் யோசிக்கிறேன்.

வெருலம் தம்பி:
முட்டை விலையைப் போட்டுப் பார்த்தேன் அக்கா. சர்க்கரைக்கும் மைதாவுக்கும் போகும் பணம் அதற்குக் காணாது. ஒன்று, புரட்டாசி விரத மாதத்துக்குச் சங்கம் எடுத்து வைக்கும் சாப்பாட்டுப் பணத்தில் கைவைக்கவேண்டும், இல்லையென்றால் பொட்டலங்களைக் குறைக்கவேண்டும். பொட்டலத்தைக் குறைக்க நான் சம்மதிக்கமாட்டேன். புரட்டாசிப் பணத்தைக் கேட்டால் கூட்டத்தில் சண்டை வரும். இருந்தாலும் கேட்கப்போகிறேன்.

டோங்காட் தோட்டக்காரர்:
கேளுங்கள் தம்பி. முதல் மாதப் பூசணியை வாரிக் சந்தை விலைக்கே தருகிறேன், என் பக்கி வண்டியிலேயே ஏற்றி வருகிறேன். மழை அடித்து வராவிட்டால் அடுத்த மாதமும் என்னிடமே வாங்கவேண்டும். அதை மட்டும் தீர்மானத்தில் எழுதுங்கள்.