கிண்டியில் சங்கிலி பிடித்த அனுபவம்

கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்தவர்கள் வகுப்பை விட சர்வே பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நானும் அப்படித்தான். முதலில் எங்கள் கையில் கொடுத்தது நிலம் அளக்கும் சங்கிலி. மீட்டருக்கு ஒரு பித்தளை வளையம், ஐந்து மீட்டருக்கு ஒரு பித்தளைத் தகடு. இரண்டு கைப்பிடிகளையும் இடது கையில் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வலது கையால் வீசி எறிந்தால் அது நீளமாக விரிய வேண்டும். சிக்கு விழுந்தால் வெயிலில் உட்கார்ந்து கணு கணுவாகப் பிரிக்க வேண்டியதுதான்.

அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோது லேப் உதவியாளர் ஒருவர் வந்து, "தம்பி, இந்தக் காலேஜை ஆரம்பிச்சதே இந்த வேலைக்குத்தான், பொறுமையா பிரிங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. 1794-ல் சென்னை ஜார்ஜ் கோட்டைப் பக்கம் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் இன்றைய கிண்டி. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளராகவும் சர்வேயராகவும் இருந்த மைக்கேல் டாப்பிங் தொடங்கியது. கடற்கரை, ஆறு, ஏரி எல்லாவற்றையும் அளக்க ஆள் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து அத்தனை பேரை வரவழைக்கச் செலவு தாங்காது. அதனால் இங்கேயே பையன்களைச் சேர்த்துப் பழக்கினார்கள். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற சர்வேயர், பெரிய நில அளவைக்கு ஆதாரமான முதல் நேர்கோட்டை (அடிக்கோடு) அளந்தாரே, அவரிடம் வேலை பார்த்தவர்களில் இந்தப் பள்ளியில் பழகிய ஜோஷுவா டி பென்னிங்கும் ஒருவர்.

அப்புறம் 1859-ல் கல்லூரியானது, சேப்பாக்கம் கலச மஹாலில் நெடுங்காலம் நடந்தது, 1920-ல் கிண்டிக்கு வந்தது. நாங்கள் பார்த்த அந்தச் சிவப்புக் கட்டடம் அப்போதையது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு சந்திப்பையும் சொல்லியாக வேண்டும். பழைய மாணவர் கூட்டத்தில் ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற பொறியாளர். வேலையில் சேர்ந்த புதிதில், "சைட்டுக்கெல்லாம் நீங்க எதுக்கும்மா, ஆபீஸ்லயே டிராயிங் பாருங்க" என்றார்களாம். "லலிதா அம்மாவை நினைச்சுக்கிட்டு சைட்டுக்குப் போயிட்டேன்" என்றார்.

அந்த லலிதாதான் எங்கள் கல்லூரிக்கு வந்த முதல் பெண். அய்யலசோமயாஜுல லலிதா பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அவருடைய அப்பா சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். மகளுக்காகக் கேட்டு அனுமதி வாங்கினார். 1940-ல் சேர்ந்தார் லலிதா. அடுத்து திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவிலில் சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் படிப்பைச் சுருக்கியதால் மூவரும் சேர்ந்தே பட்டம் பெற்றார்கள். சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டுப் பேனாவால் 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்துத் தட வடிவமைப்பில் வேலை பார்த்தார். திரேசியா கேரளாவின் தலைமைப் பொறியாளரானார்.

146 ஆண்டுகள் பெண்ணே நுழையாத இடத்தில் அந்த மூன்று பேர் எப்படி உட்கார்ந்து படித்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். கல்லூரி வரலாறு என்றால் நமக்குக் கட்டடமும் முதல்வர்கள் பட்டியலும்தான் கிடைக்கிறது. சர்வே கேம்பில் யார் எங்கே தங்கினார்கள், பெண்கள் எப்போதிலிருந்து கேம்புக்கு வந்தார்கள் என்பதெல்லாம் சீனியர்கள் சொன்னால்தான் உண்டு. 60, 70-களில் அங்கே படித்த அக்காக்கள், அண்ணன்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.