வன்னிக்குக் கொத்தணிப் பாடசாலைகள் வேண்டுமா? பயணம் செய்ய வேண்டியவர் யார்?

துணுக்காய் கணித ஆசிரியர்:
அயலிலுள்ள நான்கைந்து பாடசாலைகளை ஒரு கொத்தணியாகச் சேர்த்து, ஆசிரியர்களையும் ஆய்வுகூடத்தையும் அவை பொதுவில் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்று வாதிடவே இந்த இழையைத் தொடங்குகிறேன். எங்கள் சிக்கலின் வேர் ஆளணிக் கணக்கில், அதாவது ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கில், இருக்கிறது. மாணவர் தொகையை வைத்துப் பாடசாலை பாடசாலையாக ஆளணி கணிக்கப்படுவதால், உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்க ஏழெட்டுப் பிள்ளைகள் மட்டும் உள்ள இடத்துக்கு அப்பாடத்துக்கென ஓர் ஆசிரியர் கிடைப்பது அரிது. கிடைத்தவரும் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த இடம் நிரப்பப்படாமலே கிடக்கும். வசதியுள்ள பெற்றோர் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பிள்ளையைத் தங்கவைத்துப் படிப்பிக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள், விருப்பம் எதுவானாலும், கலைப்பிரிவில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் எங்கள் மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற் பீடமும் உண்டு. அங்கே போவதற்கான பாடத்தைப் படிப்பிக்க ஆளில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. மூன்று பாடசாலைகளின் பிள்ளைகளை ஒன்றாக எண்ணினால், ஓர் ஆசிரியரைக் கேட்பதற்கு எங்களுக்கு நியாயம் இருக்கும்.

ஒட்டுசுட்டான் ஓய்வுநிலை அதிபர்:
தம்பி, உங்கள் ஆதங்கம் விளங்குகிறது, ஆனாலும் எதிர்க்கிறேன். கொத்தணி புதிய யோசனை அல்ல. 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை அதை முன்மொழிந்தது. எண்பதுகளில் நடைமுறைக்கும் வந்தது. அப்போது நான் இளம் ஆசிரியன். எங்கள் சிறிய பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாள் என்று சொல்லி மையப் பாடசாலைக்கு அழைத்தார்கள். ஒரு தவணைக்குள் அது ஐந்து நாளாயிற்று. எங்களிடமிருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியும் அவரோடு போனது, திரும்பி வரவில்லை. பெரிய பாடசாலை சிறியதற்குக் கொடுக்கும் என்று எழுதப்பட்ட திட்டத்தில், சிறியது பெரியதற்குக் கொடுத்ததையே நான் கண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்த பின் மீள்குடியேறிய சனம் காணி துப்புரவாக்கி, தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு முதலில் கேட்டது, பாடசாலை எப்போது திறக்கும் என்பதைத்தான். முப்பது பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலை போய்விட்டால் இளம் குடும்பங்களும் போய்விடும். இன்று கொத்தணி, நாளை இணைப்பு, அதற்கு மறுநாள் மூடுவிழா என்று ஆகிவிடக் கூடாதே என்பது என் அச்சம்.

துணுக்காய் கணித ஆசிரியர்:
ஐயா, இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று பாடசாலைகளைக் காலையும் பின்னேரமுமாக நடத்தியவர்கள் நாங்கள். போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் முகாமில் எந்தப் பாடசாலை ஆசிரியர் என்று பாராமல் கிடைத்தவர்கள் கிடைத்த பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள்; 2009 ஓகஸ்ட்டில் அந்த முகாம்களிலிருந்தே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அன்று முடிந்தது, தார் வீதியும் மின்சாரமும் உள்ள இன்று ஏன் முடியாது?

ஒட்டுசுட்டான் ஓய்வுநிலை அதிபர்:
அன்று எல்லாரும் ஒரு கம்பிவேலிக்குள் இருந்தோம், தம்பி. தூரம் என்ற ஒன்று இருக்கவில்லை. அந்த அவலத்தை ஒரு நிர்வாக முறைக்கு முன்மாதிரியாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நெடுங்கேணித் தாய்:
தூரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். என் மகள் செயன்முறை வகுப்புக்காக வாரத்தில் ஒரு நாள் வேறு பாடசாலைக்குப் போய் வந்தாள். பாடசாலை விட்ட பின் வரும் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது பொழுதுபடும் நேரத்தில்தான் வரும். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்து வீதியில் யானை நிற்கும். ஒவ்வொரு வாரமும் நான் வேலையை விட்டுவிட்டுச் சந்தியில் காத்து நின்றேன். அவள் அந்தப் பாடத்தில் சித்தியடைந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; ஆகவே கொத்தணி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையை அலைய விடாதீர்கள், ஆசிரியர் வரட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இலண்டனிலிருந்து ஒரு முல்லைத்தீவு ஆசிரியை:
இங்கே 2003 முதல் 2011 வரை இலண்டன் பாடசாலைகளுக்கென அரசாங்கம் ஒரு தனித் திட்டத்தை நடத்தியது. வலுவான பாடசாலைகளின் அனுபவமிக்க அதிபர்கள் பின்தங்கியவற்றுக்குத் துணைநின்றார்கள். ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துக் கற்றார்கள். இதற்கெல்லாம் தனி நிதியும் ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு வேகமாகப் பெருகிய பல்பாடசாலை அறக்கட்டளைகள் வேறு வகையானவை: அங்கே பல பாடசாலைகள் ஒரே சபையின் கீழ் வருகின்றன, முடிவெடுக்கும் அதிகாரமும் அந்தச் சபையிடமே இருக்கிறது. அதிபர் ஐயா அஞ்சுவது இந்த இரண்டாவது வகையைத்தான் என்று நினைக்கிறேன். இலண்டனில் ஓர் ஆசிரியர் அரைமணி நேரத்தில் அடுத்த பாடசாலைக்குப் போய்விடலாம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் என்பதை மறந்துவிட்டு இங்குள்ளதை அப்படியே அங்கே நட முடியாது.

துணுக்காய் கணித ஆசிரியர்:
அம்மா சொன்னதை ஏற்கிறேன். பிள்ளை போக வேண்டும் என்று நான் நினைத்திருந்தது தவறு. ஆசிரியரே போகட்டும். ஆனால் இன்றுள்ள முறையில் அதற்கும் தடைகள் இருக்கின்றன. என் வரவுப் பதிவேடு ஒரு பாடசாலையில் இருக்கிறது. நான் செவ்வாய்க்கிழமை வேறு பாடசாலையில் படிப்பித்தால் அங்கே யார் கையொப்பம் வாங்குவது, வழியில் விபத்து நேர்ந்தால் கடமை நேரம் என்று யார் எழுதிக் கொடுப்பது, மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருட் செலவை யார் தருவது? முன்பு ஒருமுறை நான் இப்படி இரண்டு தவணை சொந்தச் செலவில் போய்வந்தேன். மூன்றாம் தவணையில் என்னால் இயலவில்லை. அந்தப் பிள்ளைகளின் பாடத்திட்டம் பாதியில் நின்றது. அது இன்றும் மனதில் கிடக்கிறது. நேரசூசியும் சேர்ந்தே போடப்பட வேண்டும்: ஒரு பாடசாலை திங்கள், புதனில் பௌதிகவியலை வைத்தால், மற்றது செவ்வாய், வியாழனில் வைக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் ஓய்வுநிலை அதிபர்:
இப்படிப் பேசினால் நான் கேட்கத் தயார். ஆரம்பப் பிரிவைக் கொத்தணிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐந்தாம் தரம் வரை பிள்ளை தன் ஊரிலேயே படிக்க வேண்டும். உயர்தரப் பாட ஆசிரியரின் நியமனக் கடிதத்திலேயே அவர் கடமையாற்றும் மூன்று பாடசாலைகளின் பெயரும் கிழமைகளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த அதிபரும் அதைத் தன் விருப்பப்படி மாற்ற முடியாதிருக்க வேண்டும். பொதுவில் வைக்கும் உபகரணம் எந்தப் பாடசாலையின் சொத்து என்பது இருபக்கப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். இவை எழுத்தில் வராத வரை என் எதிர்ப்பு மாறாது.

நெடுங்கேணித் தாய்:
இதையெல்லாம் முடிவுசெய்யும் கூட்டத்துக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலிருந்து பெற்றோரையும் அழையுங்கள். பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

துணுக்காய் கணித ஆசிரியர்:
வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று பாடசாலைகளுக்கான ஒரு மாதிரி நேரசூசியை வரைந்து இங்கே இடுகிறேன். ஐயா, அதில் உங்கள் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றையும் சேர்க்கிறேன். அதற்குரிய நாட்கள் பறிபோகின்றனவா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.