வீட்டுக்காரர் தராவிட்டால் சப் கான்ட்ராக்டருக்கும் பணம் இல்லையா?

டைல்ஸ் மேஸ்திரி, திருப்பூர்:
ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சப் கான்ட்ராக்ட் எடுத்து, மூன்று மாடிக் கட்டடத்தில் 6,200 சதுர அடிக்கு டைல்ஸ் பதித்துக் கொடுத்தேன். சதுர அடிக்கு 28 ரூபாய், மொத்தம் 1,73,600. அட்வான்ஸாக வந்தது 60,000. கிரகப்பிரவேசம் முடிந்து ஏழு மாதமாகிறது. மீதியைக் கேட்டால், "வீட்டுக்காரர் எனக்கே பாக்கி வைத்திருக்கிறார். அவர் கொடுத்ததும் தருகிறேன்" என்கிறார் ஒப்பந்தக்காரர். என்னோடு நின்ற ஐந்து பேருக்கும் சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்தேன். அதற்காக வைத்த வளையல் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. வேலைக்குக் கூப்பிட்டவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

கட்டட ஒப்பந்தக்காரர், கோவை:
தம்பி, நான் உங்கள் ஒப்பந்தக்காரர் இல்லை, ஆனாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பிக்கும் சிமெண்டுக்கும் நான் கடையில் கடன் சொல்லித்தான் வேலையை ஓட்டுகிறேன். கடைசி பில் வராமல் நின்றால் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்? 'வந்ததும் தருகிறேன்' என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த வழக்கம். இன்னொன்று, சில மேஸ்திரிகள் பதித்த டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்த்தால் உள்ளே கலவை இல்லாமல் 'டொக் டொக்' என்று கேட்கும். வீட்டுக்காரர் அதைக் காட்டித்தான் என் பில்லை நிறுத்துகிறார்.

வழக்கறிஞர், மதுரை:
ஐயா, இரண்டையும் கலக்க வேண்டாம். வேலையில் குறை இருந்தால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கழிக்கலாம். முழுப் பணத்தையும் நிறுத்துவது வேறு. மேஸ்திரியோடு ஒப்பந்தம் செய்வது உங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர்தான். வீட்டுக்காரர் உங்களுக்குத் தர வேண்டியது தனிக் கணக்கு. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுக் கட்டுமானச் சட்டம் 'எனக்கு வந்தால் உனக்கு' என்ற நிபந்தனையையே செல்லாததாக்கியது; மேலே பணம் தர வேண்டியவர் திவாலானால் மட்டும் விலக்கு. நம் நாட்டில் அப்படித் தடை இல்லை. அதனால் அந்த நிபந்தனையை எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் சிக்கல்தான். தம்பி, நீங்கள் அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?

டைல்ஸ் மேஸ்திரி, திருப்பூர்:
இல்லை சார். எல்லாம் வாய்ப்பேச்சு. சைட் இன்ஜினீயர் அளவெடுத்துக் கையெழுத்திட்ட தாள் மட்டும் இருக்கிறது.

வழக்கறிஞர், மதுரை:
அதைப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் உங்கள் ஆதாரம். பணம் தரும் நாளைக் குறிக்காத வேலைக்கு, முடித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

மின் வேலை சப் கான்ட்ராக்டர், சேலம்:
2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தை விட்டுவிட்டீர்களே! எழுத்தில் எப்படி ஒப்புக்கொண்டாலும் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

வழக்கறிஞர், மதுரை:
உண்மைதான். ஆனால் வேலைக்கு முன்பே உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருந்தால்தான் வலு. கட்டுமான வேலை அதில் வருமா என்பதிலும் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

கட்டட ஒப்பந்தக்காரர், கோவை:
சட்டம் எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டுகிறது. மேஸ்திரி கூலி தராமல் ஓடினாலும் தொழிலாளிகள் எங்கள் வாசலில்தான் நிற்கிறார்கள்.

மின் வேலை சப் கான்ட்ராக்டர், சேலம்:
நிற்கட்டும் அண்ணா, அது நியாயம்தான்! 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே அப்படித்தான் வைத்தது: ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது அவரிடம் வேலையை ஒப்படைத்தவர், தர வேண்டும்; பிறகு அவரிடம் வசூலிக்கலாம். நாள் கூலிக்காரனுக்கு மேலே இரண்டு பேர் பொறுப்பு. சொந்தப் பணத்தைப் போட்டு ஆள் வைத்து வேலை முடிக்கும் மேஸ்திரிக்கு ஒருவர்கூட இல்லையா? வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுப்பது ஒப்பந்தக்காரர்களான நீங்கள், விலை பேசுவது நீங்கள். அவர் ஏமாற்றினால் அதன் சுமை இவர் வளையலில் ஏன் விழ வேண்டும்?

கட்டட ஒப்பந்தக்காரர், கோவை:
முழுத் தொகையும் உடனே தர வேண்டும் என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். ஆனால் கூலிக்காகப் போட்ட பணத்தையாவது நிறுத்தியிருக்கக் கூடாது. தம்பி, உங்கள் ஒப்பந்தக்காரரை நேரில் கூப்பிட்டுத் தட்டிப் பார்த்து, குறை உள்ள சதுர அடியை எழுதி வாங்குங்கள். மீதிக்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள்.

டைல்ஸ் மேஸ்திரி, திருப்பூர்:
திங்கட்கிழமை அளவுத் தாளின் நகலோடு போகிறேன், அண்ணா. குறை இருந்தால் பெயர்த்து மறுபடி பதித்துத் தருகிறேன். நாள் குறிக்க மறுத்தால் வழக்கறிஞர் நோட்டீஸ்தான்.