மாலைப் பயிற்சிக்கு முன் காப்பி: மறுநாள் வலிக்கு அதுதான் காரணமா?

வடலிவிளைக்காரன்:
பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடக்கும், கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கும் இளவட்டக்கல் போட்டிக்காக இரவு ஏழு மணிக்கு எடைப்பயிற்சி செய்கிறேன். ஆறு மணிக்கு ஒரு பெரிய தம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனால் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்க முடிகிறது. ஆனால் மறுநாள் தொடையும் இடுப்பும் கடுமையாக வலிக்கின்றன. காப்பி உடம்பை வற்றச் செய்து தசையைக் கெடுக்கும் என்கிறார் உடன் பயிலும் அண்ணாச்சி. உண்மையா?

பாளை பயிற்சியாளர்:
தம்பி, அண்ணாச்சி சொல்வது பாதிகூடச் சரியில்லை. நாள்தோறும் காப்பி குடித்துப் பழகியவருக்கு அதனால் நீர் வற்றிப்போவதில்லை. களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் போய் ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) காப்பியிலுள்ள கஃபீன் மறித்துவிடுவதால், அதே பளு இலேசாகத் தோன்றுகிறது. நீங்களும் இன்னும் இரண்டு முறை தூக்கிவிடுகிறீர்கள். வலி அந்தக் கூடுதல் பளுவால் வருவது. சில ஆய்வுகளில் கஃபீன் தசைவலியைச் சற்றுக் குறைத்தே இருக்கிறது.

நான் கவலைப்படுவது உங்கள் தூக்கத்தைப் பற்றி. உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்னரே 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தசை தேறுவதற்குத் தூக்கம் மிக முக்கியம். இரவு பதினோரு மணிக்குப் புரண்டுகொண்டிருந்தால் எந்தப் புரதமும் அதை ஈடுகட்டாது.

தச்சநல்லூர் வாசகர்:
அளவையும் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை பயன் தெரிகிறது என்பார்கள்; 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 180. நம் கடைத்தூளில் சிக்கரி பாதியளவுகூட இருக்கலாம், சிக்கரியில் கஃபீன் கிடையாது. காப்பித்தூள் சேர்க்காத சுக்குக் காப்பியிலும் இல்லை, ஆகவே இரவில் தொண்டைக்கு இதமாக அதைத் தாராளமாகக் குடிக்கலாம். இரத்த அழுத்தமோ படபடப்போ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அளவைக் கூட்ட வேண்டாம்.

வடலிவிளைக்காரன்:
நன்றி. அப்படியானால் போட்டியன்று காலையில் மட்டும் குடிக்கலாமா?

பாளை பயிற்சியாளர்:
குடிக்கலாம், கல்லைத் தொடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால். ஆனால் வெறும் வலிமையில் கிடைக்கும் கூடுதல் மிகச் சிறிது. நீண்ட ஓட்டக்காரருக்கே அது அதிகம் உதவும். வயிறு எப்படி ஏற்கிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பயிற்சியில் முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.