அப்டேட் செய்தால் பழசு அழியுமா?

குளக்கட்டு:
நேற்று எங்கள் ஊர்க் குழுவில் ஒருவர் எழுதியது: "அப்டேட் வரும்போது பழசை அழித்துத்தான் புதுசு ஏறும். வன்னிச் சனமும் அப்படிப் பழசை விட்டால்தான் முன்னேறும்." வாசித்ததில் இருந்து மனம் ஆறவில்லை. எந்தக் கணினியில் அப்படி நடக்கிறது? வின்டோஸ் புதிய பதிப்புக்கு மாறும்போது பழையதை 'வின்டோஸ் ஓல்ட்' என்ற கோப்புறையில் எடுத்து வைக்கும். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திரும்பிப் போகலாம்.

ஏ9_பயணி:
எழுதியது நான்தான். என்னிடமே கேட்டிருக்கலாம். பத்து நாள் இல்லை அண்ணை, முப்பது நாள். 2015இல் வின்டோஸ் 10 போட்டு, இருபத்தைந்தாம் நாள் 7க்குத் திரும்பினவன் நான்.

குளக்கட்டு:
பத்து நாள். 2016 ஆகஸ்டில் வந்த அப்டேட்டோடு முப்பதைப் பத்தாகக் குறைத்துவிட்டார்கள். கிளிநொச்சியில் கணினி திருத்துகிறவன் நான். பதினோராம் நாள் ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பனங்கூடல்:
நாள் கணக்கை விடுங்கள். நாலு போன் மாற்றிவிட்டேன், எத்தனையோ அப்டேட் வந்தது. என் தம்பியின் படம் இன்னும் இருக்கிறது.

ஏ9_பயணி:
படம் இருக்கட்டும் அக்கா. நான் சொன்னது மனசை. போர் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதையே நினைத்துக்கொண்டு இருந்திருந்தால் உயர்தரப் பரீட்சை எடுத்திருக்க மாட்டேன். 2025 அக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது. பழசையே பிடித்துக்கொண்டிருந்தால் வைரஸ்தான் வரும்.

குளக்கட்டு:
மனசுக்கும் பத்து நாளா? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் இருந்து கிளிநொச்சியில் போராடுகிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லும், பழசை அழிக்கச் சொல்லி.

ஏ9_பயணி:
தாய்மாரை ஏன் இழுக்கிறீர்கள்? அவர்களை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முப்பது நாள் என்றதும் பிழை இல்லை.

வெட்டைவெளி:
இரண்டு பேரும் அரைகுறை. கணினிக்குக் கட்டளை கொடுத்தால் அந்தப் பத்தை அறுபது நாள் வரை நீட்டலாம்.

குளக்கட்டு:
அந்தக் கட்டளையையும் பத்து நாளுக்குள்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்குப் பத்துத்தான். படிப்பிக்க வந்தவர், போன வருசம் மடிகணினி திருத்திய மிச்சக் காசை முதலில் தாரும்.

வெட்டைவெளி:
நீர் போட்ட திரை இரண்டு கிழமையில் போய்விட்டது. அதற்குக் காசா? சபையில் கேட்கிற கதையா இது?

பனங்கூடல்:
இதற்குள் திரை எங்கே வந்தது? ஏ9 தம்பி, மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் கஞ்சி காய்ச்சும்போது நீரும் வந்து வாளி தூக்கினீர். எல்லாவற்றையும் விட்டவர் ஏன் வந்தீர்?

ஏ9_பயணி:
வருவேன் அக்கா. அடுத்த வருசமும் வருவேன். மற்ற 364 நாளும் நான் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதைத்தான் அப்டேட் என்றேன்.

குளக்கட்டு:
அப்போ நீர் அழிக்கவில்லை, எடுத்து வைத்திருக்கிறீர். 'அழித்துத்தான்' என்ற சொல்லை எடும், நான் பேசாமல் போகிறேன்.

ஏ9_பயணி:
எடுக்க மாட்டேன். முதலில் நீங்கள் முப்பது நாள் இருந்தது என்று எழுதுங்கள்.

குளக்கட்டு:
2016க்குப் பிறகு பத்து. மேலே எழுதியிருக்கிறேன், வாசியும்.