‘சுமைச் சோதனை’ வேண்டாம், ‘திரள் சோதனை’ ஆகலாம்

அன்புடையீர்,

அரிய மரபணு வேறுபாடுகளைப் பண்புகளோடு தொடர்புபடுத்தும் ‘burden test’ என்ற முறைக்குத் தமிழில் முன்மொழியப்படும் ‘சுமைச் சோதனை’ என்ற பெயரை ஏற்கும் முன் எனக்குள்ள தடையைச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் உயர்தர வகுப்பில் இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி, “சுமை எண்டால் கூடாததுதானே சேர்?” என்று கேட்டாள்.

அவள் பிடித்த இடம் சரியானது. பி.சி.எஸ்.கே.9 மரபணுவில் 2003இல் அறியப்பட்ட விகாரங்கள் எல்.டி.எல். எனும் ‘கெட்ட’ கொழுப்பைக் கூட்டின, அதே மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் வேறு விகாரங்களோ, 2006இல் வெளியான ஆய்வின்படி, அவற்றையுடைய அமெரிக்கக் கறுப்பினத்தவரில் அக்கொழுப்பை 28 சதவீதமும் முடியுரு இதயநோய் (இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் நாடிகளின் நோய்) ஆபத்தை 88 சதவீதமும் குறைத்திருந்தன. காக்கும் ஒன்றைச் சுமை என்பது எப்படி?

முறை செய்வது எண்ணிக்கைதான். 2,000 பேரிடையே 0.1 சதவீத மீடிறனுடைய (நிகழ்வெண்) எதிருரு, அதாவது மரபணுவின் ஒரு மாற்று வடிவம், ஏறத்தாழ 4 பிரதிகளாகவே இருக்கும். அந்த நாலை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஒரே மரபணுவில் அத்தகைய 20 வேறுபாடுகளை ஒன்றாக்கினால் 80 பிரதிகள் தேறும். வயலில் சிதறிக் கிடக்கும் கதிரை உப்பட்டியாகக் கட்டுவது போன்றதே இது. ‘உப்பட்டிச் சோதனை’ என்று வைக்க எனக்கு ஆசைதான். வன்னிக்கு வெளியே பலருக்கு விளங்காது என்பதால் விட்டுவிட்டேன். ‘திரட்டுச் சோதனை’ தரவு திரட்டலோடு குழம்பும். சாதாரண தரக் கணிதத்தில் திரள் மீடிறன் வளையி வரைந்த பிள்ளைக்குத் ‘திரள் சோதனை’ தானாகவே பொருள் தரும்.

கூட்டுபவையும் குறைப்பவையும் ஒரே மரபணுவில் கலந்திருந்தால், திரட்டும்போது ஒன்றையொன்று அடித்துவிடும். 2011இல் வந்த ஸ்கட் (SKAT) முறை ஒவ்வொரு வேறுபாட்டின் விளைவுப் புள்ளியையும் வர்க்கித்து, நிறை கொடுத்துக் கூட்டுவதால் திசை அங்கே பொருட்டாகாது. அது சார்ந்த வகையை ‘மாறற்றிறன் கூற்றுச் சோதனை’ (variance component test) என்றால் நமது பாடநூலுக்குப் பொருந்தும்; விலக்க வர்க்கச் சராசரி என்று படித்த தமிழ்நாட்டாருக்கு அந்நியமாகும். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் வருவதை விரவுப்பெயர் என்கிறது இலக்கணம். அவ்வழியே, கூட்டுபவைக்கும் குறைப்பவைக்கும் பொதுவான இதை ‘விரவுச் சோதனை’ எனலாம் என்பது என் முன்மொழிவு.

திரள், விரவு ஆகிய இரண்டையும் நிறையிட்டு இணைக்கும் 2012ஆம் ஆண்டு முறைக்குத் (SKAT-O) ‘திரள்விரவுச் சோதனை’ என்பது நாவில் சற்று இடறுகிறது. அதைவிட இலகுவான சொல் இருந்தால் அறியத் தாருங்கள்.